மதுரை வழியாக ராமேஸ்வரம்

தாம்பரத்தில் வேன் ஓட்டுகிறவனுக்கு எல்லாக் கோயிலும் தெரியும், கோபுரம் வரைக்கும். உள்ளே போகிறவர்கள் சவாரிக்காரர்கள். வெளியே வண்டியோடு நிற்பவன் நான். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சவாரி எதையும் நான் வேண்டாமென்றதில்லை. அப்படி வந்ததுதான் இது.

கூடை இல்லாத தலை

மதுரைக்கு என்று வண்டி பேசுகிறவர்கள் பெரும்பாலும் மதுரைக்குப் போவதில்லை. ராமேஸ்வரமோ கொடைக்கானலோ போவார்கள். மதுரை அதற்கு வாசல். சேலையூர் தேவராஜன் சாரின் திட்டமும் அதுதான்: மதியத்துக்குள் மீனாட்சி, சாயங்காலம் ராமேஸ்வரம் கடற்கரை. ஒரு சீட் காலியாக இருந்ததால், அவர்கள் காலனிக்குத் தலைக்கூடையில் மீன் கொண்டுவரும் கோவளத்துக் கன்னியம்மாவை அவர் மனைவி வசந்தா அக்கா சேர்த்துக்கொண்டார். கடலில் வழிதவறிப் போன மகன் திரும்பி வந்தால் மீனாட்சிக்குப் பச்சைப் புடவை சாத்துவதாகக் கன்னியம்மாவுக்கு வேண்டுதல். மகன் வந்துவிட்டான். புடவை அவள் மடியில் இருந்தது.

செங்கல்பட்டு தாண்டியும் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே வந்தாள். “இன்னா கன்னியம்மா, சுளுக்கா?” என்று அவள் பாஷையிலேயே கேட்டார் சார்.

“அதெல்லாம் இல்ல சார். கூட இல்லாம தல பேஜாராகீது.”

யாரை முதலில்

மதுரைக் கோயிலுக்குள் செல்போன் கூடாது. எல்லாப் போனையும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கையிலும் வாட்ச் இல்லை; இந்தக் காலத்தில் யார் கட்டுகிறார்கள்? தேவராஜன் சார் நேரே சாமி சந்நிதிக்குக் கூட்டிப்போய், தூண் தூணாக நின்று ரசித்திருக்கிறார். அம்மன் சந்நிதிக்கு வந்தபோது மதிய நடை சாத்தியாகிவிட்டது.

வண்டிக்குத் திரும்பியவர்களில் கன்னியம்மாவின் கையில் புடவை அப்படியே இருந்தது. வெளியே பூக்காரி ஒருத்தி சிரித்தாளாம். வசந்தா அக்கா அவளைப் போலவே சொல்லிக் காட்டினார்: “உங்க ஊர்ல எப்படியோ, மதுரையில ஆத்தாவப் பாத்துட்டுத்தான்யா ஐயாவப் பாக்கணும்!”

நிற்கிற முறை

மறுபடி நடை திறக்க நாலு மணியாகும். காத்திருந்தால் சாருடைய கடற்கரை போய்விடும். திரும்புவது திருச்சி வழியாக; மதுரைக்குள் வரமாட்டோம். “அடுத்த தடவை பார்த்துக்கலாமே கன்னியம்மா” என்றார் சார்.

“நீங்க போங்க சார். நான் இங்கியே குந்திகினு, சாத்திட்டு பஸ் புடிச்சி வூட்டுக்குப் போறேன்” என்று அவள் இறங்கப் போனாள். எனக்கு வண்டிச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. ஆனால் டிரைவர் எதைச் சொல்வது?

வசந்தா அக்கா சீட்டைவிட்டு அசையவில்லை. “என்னங்க, நீங்க வஞ்சிரத்துக்குப் பேரம் பேசி முடிக்கிறவரைக்கும் எத்தனை நாள் அவ நம்ம கேட்டுல வெயில்ல நின்னிருக்கா? இன்னைக்கு நீங்க நில்லுங்க.”

கண்

நின்றோம். நடை திறந்ததும் கன்னியம்மாதான் முதலில் நடந்தாள். சார் பின்னால் அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வழக்கம்போல் வண்டியோடு.

திரும்பி வந்தவள் கை காலியாக இருந்தது. ஏறாமல் என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மனை நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“அண்ணா, நான் பொறந்ததுலருந்து கண்ணப் பாத்துதான் மீனு வாங்குறேன், விக்கிறேன். அந்த மாதிரி கண்ண எந்தக் கடல்லயும் பாத்ததில்ல.”

ஒரு சவாரி இவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தும் ஒருவர்கூட டிரைவரைத் திட்டவில்லை என்பதை, மீனாட்சியை இன்னும் பார்த்திராத நான், அவள் செய்த அற்புதமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.