கஞ்சிக்கு உப்பு

நோன்புக் கஞ்சியை உம்மா ஒருநாளும் ருசி பார்த்து இறக்கியதில்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்லியும் கேட்கமாட்டார். பாலாவி உப்பளத்து உப்பைக் கையால் அள்ளுவார், கொதியைப் பார்ப்பார், போடுவார். மன்னாரிலிருந்து வந்து அகதிக் கொட்டிலில் அடுப்பு மூட்டிய காலத்திலும் அந்தக் கை பிசகவில்லை என்பது எங்கள் வீட்டுப் பெருமை.

சண்டை முடிந்து சில வருடங்களில் எனக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. சூரியனுக்குள் நடக்கும் அணு இணைவை ஒரு பாத்திரத்துக்குள் நடத்திப் பார்க்கும் இயந்திரம். அதன் அடியில், வெப்பமும் கழிவும் வெளியேறும் இடத்தில், பிளாஸ்மா என்ற அந்தக் கொதிவாயுவோடு வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று அளப்பது என் வேலை. உம்மாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. மனமில்லாமல் அனுப்பினால் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனமிருப்பதுபோல் நடித்துவிடுவார்.

"போயிட்டு வாவன் மகள்," என்றார், கேட்டவுடனே. இவ்வளவு இலேசாகவா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அன்று பள்ளியில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுக் கஞ்சியை வாயில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றது. உம்மா இரண்டு தரம் உப்புப் போட்டிருந்தார். ஒருநாளும் பிசகாத கை பிசகியிருந்தது. முகம் சுளிக்காமல் குடித்தேன். அவரும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன் புள்ள சொல்லல்ல?"

"நல்லாத்தானே இருக்கு."

"நோன்பு திறந்த வாயால பொய் சொல்லாத."

பிறகு தலையைக் குனிந்தபடி கேட்டார்: "அந்த நெருப்புக்குக் கிட்டவா நீ நிக்கப் போற?"

ஆக, இதுதான் விஷயம்.

"இல்ல உம்மா, நாங்க வேற அறையில. அதில கை வைக்க ஏலா. கண்ணாடியால வார வெளிச்சத்தத்தான் பாப்பம். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நிறம். நிறத்த வச்சு என்ன கலந்திருக்கு, எவ்வளவு எண்டு சொல்லுவம்."

"ஊத்தைய எடுக்கவா?"

"சிலத எடுக்க. சிலத நாங்களே போடுறம். கொஞ்சம் நைதரசன் வாயு போட்டாத்தான் சூடு பரவி அடித்தட்டு உருகாம இருக்கும். கூடிட்டா நடுவில இருக்கிற நெருப்பே ஆறிப்போயிடும்."

"ருசி பாக்காம?"

"ஓம், ருசி பாக்காம."

உம்மா சிரித்துவிட்டார். "அப்ப இண்டைக்கு என்னய அந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க."

கஞ்சிக்குச் சுடுதண்ணீர் ஊற்றி இருவரும் குடித்து முடித்தோம். எங்கள் வீட்டில் எதையும் கொட்டும் வழக்கமில்லை. படுக்கப் பாயை விரிக்கும்போது மறுபடியும், "போயிட்டு வா," என்றார். வாய் சொல்வதை நம்ப எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அந்தக் கை தானாகச் சொல்லட்டும் என்று நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. பாங்கு சொன்னது. உம்மா என் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை நீட்டினார்.

உப்பு அளவாக இருந்தது. அழுதுகொண்டே இன்னொரு கோப்பை கேட்டேன்.