உம் கொட்டினால் ஓடும் பெட்டி

இன்றைக்கு எந்த ஆபீசுக்கு போன் போட்டாலும் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் நம்மை வேலை வாங்குகிறது. இந்தக் கூத்தை எண்பதுகளின் தொடக்கத்திலேயே அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் ஆடிப் பார்த்துவிட்டேன். கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு டேப் ரெக்கார்டர், நாலு ரிலே சுவிட்ச், ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான்.

நான் அங்கே டெலிபோன் டெக்னீஷியன். அழைப்புகள் வந்து சேரும் போர்டில் உட்கார்ந்து பேசுகிறவர் வசந்தா. தற்காலிக வேலை. செந்துறைப் பக்கம் அவர்களுக்கு இருந்த மானாவாரி நிலத்தை மழை ஏமாற்றிக்கொண்டே இருந்ததால், அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. பெரம்பலூர், ஆண்டிமடம் லாரிக்காரர்கள் காலையிலிருந்து போன் போட்டு, இன்றைக்கு லோடு உண்டா, எந்த கேட், என்ன நேரம் என்று கேட்டபடி இருப்பார்கள். வசந்தா அலுக்காமல் சொல்வார்.

ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சொன்னதையேதானேய்யா அந்தம்மா சொல்லிக்கிட்டு இருக்கு? அத ஒரு டேப்புல போட்டு ஓட வுடு. ஓடிருச்சுன்னா அந்த போஸ்ட எடுத்துடலாம்."

எனக்கு இளரத்தம். மூளையைக் காட்ட ஒரு இடம் கிடைத்த குஷியில் சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டேன். அறைக்கு வந்து வசந்தாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினேன் என்பது உறைத்தது. அவருக்கு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தது. டேப்பில் பேசப்போகிறவரும் அவர்தான்.

ஆமான்னா ஆமா சொல்லுங்க

பெட்டிக்குச் சொல் புரியாது. சத்தம் வருகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். சத்தம் வந்தால் ஒரு ரிலே இழுக்கும். அதை வைத்து ஒரு கேள்வி அமைத்தேன். "வணக்கம்ங்க. நீங்க சிமெண்ட் ஏத்த வர்றவங்களா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. நிலக்கரி எறக்க வர்றவங்கன்னா பேசாம இருங்க." ஆமா என்றால் ஒரு டேப், மௌனம் என்றால் இன்னொரு டேப்.

அறையில் சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், பின்னே ஏன் செய்யாது?

மறுநாள் நிலக்கரி லாரிகள் அத்தனையும் சிமெண்ட் கேட்டில் வந்து நின்றன. வரிசை மெயின் ரோடு வரை போய்விட்டது. நம் ஆட்களிடம் யாராவது "வணக்கம்ங்க" என்றால் "உம்" என்பார்கள். அடுத்த வாக்கியத்துக்கு இன்னொரு "உம்". பேசாம இருங்க என்றதற்கும் ஒருவர் "உம், சரிங்கம்மா" என்றிருக்கிறார். பெட்டிக்கு எல்லாமே ஆமாதான்.

மேனேஜர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஹெட்போனில் ஒரு மத்தியானம்

எங்கே தவறினேன் என்று பார்க்க, வந்த அழைப்புகளைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டேன். வெளியே வெயில் கொளுத்தியது. வேப்பிலையெல்லாம் சிமெண்ட் தூசி படிந்து வெளுத்து நின்றது. காதுக்குள் வசந்தா ஒரு வாக்கியம் பேசுவார். தொலைவிலிருந்து ஒரு "உம்" வரும். இரைச்சலுக்குள் முங்கி எழுந்து இன்னொரு "உம்". பின்னால் ஒரு பஸ் ஹாரன், யாரோ டீ கேட்கும் சத்தம், மறுபடி "உம்". முகம் தெரியாத ஊர்களெல்லாம் என் காதில் மூச்சு விடுவதுபோல இருந்தது. கண் சொக்கியது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் புரிந்தது, அவர்கள் பதில் சொல்லவில்லை, மேலே சொல்லு என்கிறார்கள்.

கேள்வியைத் தூக்கிக் கடாசினேன். சிமெண்ட், நிலக்கரி இரண்டின் விவரமும் ஒரே டேப்பில் வரிசையாக. டேப்பின் இரண்டாவது டிராக்கில் ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் ஒரு பீப் பதிந்தேன். பீப் வந்தால் மோட்டார் நிற்கும். லாரிக்காரர் "உம்" என்றால் அடுத்த வாக்கியம் ஓடும். வேண்டியது கிடைத்ததும் வைத்துவிட்டுப் போகலாம். ரொம்ப நேரம் சத்தமே இல்லையென்றால் லைன் தானாகக் கட்டாகிவிடும்.

ஆனால் முடிக்க மனம் வரவில்லை. ரிலே சரியில்லை, டேப் சரியில்லை என்று நாளைக் கடத்தினேன். வசந்தா கவனித்துக்கொண்டே இருந்தார்.

"என்ன நெனச்சு மெஷினக் கெடுக்காதீங்க சார். நல்லா செஞ்சிருக்கீங்க. முடிச்சுடுங்க" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கே முடித்தேன்.

பெட்டி ஓடியது. மேனேஜரே போன் போட்டுப் பார்த்தார். வசந்தாவின் குரலுக்கு அவரும் "உம், உம்" என்று கடைசி வரை கொட்டியதைக் கேட்டேன். அந்த வாரமே வசந்தாவை நிறுத்திவிட்டார்கள்.

என் குரல்

லோடு நிலவரம் தினம் மாறுமே, தினம் யார் பதிவது? நீயே பேசேன்யா என்றார் மேனேஜர். பேசினேன். அதே வாக்கியம், அதே பீப். லாரிக்காரர்களிடமிருந்து சத்தமே இல்லை. கோர்ட்டில் தீர்ப்பு கேட்பதுபோல வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். முதல் வாக்கியத்தோடு பெட்டி நின்றது, லைன் கட்டானது. கேட்டில் மறுபடி கூச்சல்.

மேனேஜர் என் எதிரிலேயே போனை எடுத்து நம்பரைச் சுழற்றினார். கேட்டார். காத்திருந்தார். கட்டானது. மறுபடி சுழற்றினார். மறுபடி கட்டானது.

"ஏன்யா நின்னு நின்னு போவுது?"

"நீங்க உம் கொட்டலைங்க சார்."

ரிசீவரைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"உன் கொரலுக்கு எவன்யா உம் கொட்டுவான்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு, "அந்தம்மாவ நாளைக்கே வரச் சொல்லு."

வசந்தா வந்தார். தினம் காலையில் டேப்பில் பேசுவது, பிறகு போர்டு. அடுத்த வருடம் நிரந்தரமும் ஆனார்.

இளைய டெக்னீஷியன்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது இரண்டு. பேசுகிற பெட்டி செய்தால், ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, அந்தப் பெட்டியில் ஒரு சின்ன டைமர் போட்டிருந்தால் யாரும் உம் கொட்டாமலே என் குரலிலும் டேப் தானாக ஓடியிருக்கும். எனக்கு அது தெரியும். மேனேஜர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.