அண்ணி வைத்த பால் டம்ளர்

என் அண்ணி அங்கம்மாவைப் பற்றி எரிச்சல் இல்லாமல் பேச என்னால் ஆகாது. வாரத்தில் ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிறார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் திருவேற்காடு அம்மன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் சர்ச். நசரத்பேட்டையிலிருந்து உள்ளே வந்தால் இருக்கும் அது, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஊரில் இப்போது கிறிஸ்தவக் குடும்பம் நாலுதான். போதகர் மாதத்துக்கு ஒருமுறை பூந்தமல்லியிலிருந்து வருவார். பக்கத்து வீடு என்பதால் சாவி அண்ணியிடம்.

உள்ளே தரையில் ஒரு கல்லறைக்கல் பதித்திருக்கிறது. ஒன்றரை அடி நீளம்தான். இவ்வளவு சின்னக் கல் என்றால் கீழே படுத்திருப்பது குழந்தைதான் என்று ஊர்ப் பெண்கள் முடிவு கட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. மேலே சுழித்துச் சுழித்து எழுதிய இங்கிலீஷ், பாதி தேய்ந்துவிட்டது. படித்த பிள்ளைகள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. வயிற்றில் பிள்ளை தங்காதவர்கள் ஒன்பது ஞாயிறு அந்தக் கல்மேல் ஒரு டம்ளர் பால் வைப்பார்கள். மத்தியான மணி அடிக்கும்வரை டம்ளரை அசைக்கக்கூடாது. அசைத்தால் மறுபடி முதல் வாரத்திலிருந்து.

அண்ணியின் மகள் பானுப்பிரியாவுக்கு இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இது மூன்றாவது. ஏழாம் மாதம் நடக்கிறது. அன்றைக்கு ஒன்பதாவது ஞாயிறு.

அதே ஞாயிறு பார்த்து, பழைய இடங்களைச் சுற்றிப் பார்க்கிற கூட்டம் ஒன்று வந்தது. இருபது பேர். திறந்து காட்டச் சொல்லிப் போதகர் போனில் சொல்லிவிட்டார். பூந்தமல்லியிலிருந்து அவர்களை ஏற்றி வந்தது என் வேன். ஆக, இரண்டு பக்கமும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கூட்டத்தை நடத்தி வந்த பையன் பெயர் அரவிந்தன். "அக்கா, அந்த டம்ளரைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன். கல்லை போட்டோ எடுக்கணும்" என்றான்.

"மணி அடிக்கட்டும், எடுக்கறேன்."

"எப்போ அடிப்பாங்க?"

"பன்னெண்டுக்கு. நாந்தான் அடிப்பேன்."

அப்போது மணி பத்தேகால். "பன்னெண்டுக்கு நாங்க வேற எடத்துல சாப்பிட்டுட்டு இருப்போம்க்கா."

"சாப்புடு. யாரு வாணான்னது?"

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணி, ரெண்டே நிமிசம். எடுத்துட்டு அப்டியே வெச்சிடலாம்" என்றேன்.

"உம் பொண்டாட்டி ரெண்டையும் சுளுவா பெத்துட்டா. உனுக்கு இன்னா தெரியும் பச்சையப்பா? கம்முனு கெட."

இருபது பேர் முன்னால் சொன்னார்.

அரவிந்தன் டம்ளரைத் தொடவில்லை. கல்லோரம் மண்டி போட்டு, போன் லைட் அடித்து, விரலால் தடவித் தடவிப் படித்தான். கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இவர் பட்டாளத்துல இருந்தவர். எழுபத்தோரு வயசுல இறந்திருக்கார். பெரிய கல்லுக்கு வசதி இல்லை போல" என்றான். யாரோ சிரித்தார்கள்.

"யாருக்கு எழுபத்தொண்ணு?" என்றார் அண்ணி.

"கீழ இருக்கறவருக்குக்கா."

"கொயந்த இல்லியா?"

"இல்லக்கா. தாத்தா."

பானுப்பிரியா சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வயிற்றின்மேல் இருந்தன. "சித்தப்பா, இன்னா சொல்றாரு இவுரு? ஒம்போது வாரமும் வீணா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கிறவன் மனசுக்குள்ளே படித்துத் தொலைக்கக் கூடாதா? இல்லை, இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒரு ஆளாவது குனிந்து பார்த்திருக்கக் கூடாதா?

சாம்பாரில் உப்பு போட்டோமா இல்லையா என்று யோசிப்பதுபோல் அண்ணி இடுப்பில் கை வைத்துக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "கெயவனுக்குப் புள்ளைங்க எத்தினின்னு போட்டுக்கீதா?"

அரவிந்தன் குனியவில்லை. பானுப்பிரியாவைப் பார்த்துக்கொண்டே, "பதினோரு பேருக்கா. எல்லாரும் நல்லா இருந்தாங்கன்னு போட்டிருக்கு" என்றான்.

கல்லில் இருப்பதே நாலு வரி. அதில் பதினோரு பேருக்கு இடமில்லை என்பது இங்கிலீஷ் தெரியாத எனக்கே தெரிந்தது.

அண்ணி மகள் பக்கம் திரும்பினார். "அப்பால இன்னாடி? பாலுக்கு அய்வுற கொயந்தகிட்ட போயி புள்ள கேட்டுக்கினு இருந்தோம். பதினொண்ணு பெத்த மனுசன் இவுரு. கண்ணத் தொடச்சிக்கோ."

பானுப்பிரியா முந்தானையால் துடைத்துக்கொண்டாள். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. "பார்த்தாச்சில்ல? கல்லாண்ட நிக்காதீங்க, தட்டிடப் போறீங்க" என்று அண்ணி இருபது பேரையும் வெளியே அனுப்பினார்.

வாசலில் அரவிந்தன் என் பக்கம் வந்தான். "அண்ணே, பன்னெண்டு மணி வரைக்கும் இருந்துட்டே போலாமா?"

எனக்குப் பன்னிரண்டரைக்கு ஆவடியில் ஒரு சவாரி. நீ விட்ட கதைக்கு நான் காத்திருக்கணுமா என்று கேட்க வாய்வரை வந்தது. உள்ளே பானுப்பிரியா கல்லைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆவடிக்குப் போன் போட்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.