சாஸ்திரிகளும் சப் மீட்டரும்

எங்கள் வீட்டில் கரண்டைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று என் கணவர். இன்னொன்றும் என் கணவர்தான். மாதத்துக்கு ஒரே தொகை என்று பேசிவிட்டால் அவர் ஒரு ஆள். ஓடுகிற யூனிட்டுக்குத் தகுந்த காசு என்றால் வேறு ஆள். இந்த இரண்டு பேரோடும் ஒரே வருடத்துக்குள் குடித்தனம் நடத்தியவள் நான். அதற்கு யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை.

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் போகிற வழியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்கா தனியாக இருக்கிறாள். அவள் கணவர் கத்தாரில், மகன் கனடாவில். நான் அஞ்சுகிராமத்துக்காரி. வந்த புதிதில் அக்கா பேசுவதில் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியை அவள் கை ஜாடையில் சொன்னாள். நான் வீட்டிலிருந்தே பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள் என்பதால் பகல் முழுக்கக் கம்ப்யூட்டர்தான் துணை. விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா மாடி ஏறி வருவாள். எதற்கு என்றெல்லாம் இல்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கு ஒரு தட்டில் இருக்கும், அல்லது வெறுங்கையாக வருவாள். "ஒரு சாயா குடிச்சிட்டுப் போயிருதேன்" என்று உட்கார்ந்தால் சாயா மூன்று தடவை ஆறும். இந்த ஊரில் எனக்கு வேறு ஆள் கிடையாது. அவள் வராத சாயங்காலம் எனக்குச் சாயங்காலமாகவே இருக்காது.

இப்படி இருந்த இடத்தில்தான் கரண்டு கட்டணம் கூடியது.

மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடும் என்பதால், பில் வந்த அன்று அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"பாரு மக்ளே, இதென்ன பில்லா, சீதனமா? இனி ஒரு வழி பண்ணணும். மாசம் ஃபிக்ஸடா ஒரு தொகை தாருங்க. இல்லேன்னா மாடிக்குத் தனியா சப் மீட்டர் வச்சு ஓடினதுக்குத் தாருங்க. எது வேணும்னு தம்பிட்ட கேட்டுச் சொல்லு."

தம்பி என்பது என் கணவர். தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. அவருக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதும், சாப்பாடு வேண்டாம். வீட்டிலிருக்கிற சாமான்களைத் திருப்பித் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதியிருக்கிற வாட்டைப் படித்தார். கிரைண்டரின் அடிவயிற்றைப் பார்க்கத் தரையில் படுத்தார். கடைசியில் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "ஏட்டி, வெயில்காலம் வருது. ஃபிக்ஸுதான். அக்காவுக்கு விவரம் பத்தாது" என்றார்.

அன்றிலிருந்து விவரமான மனுஷன் வெளியே வந்தார். அதுவரை நான் அறையை விட்டு வெளியே வரும் முன்பே பின்னால் வந்து விளக்கை அணைத்துக்கொண்டிருந்தவர், இப்போது ஃபேன் இல்லாமல் நான் உட்கார்ந்தால் கோபித்தார். "காசு குடுத்தாச்சுல்லா, பின்ன ஏன் வேர்க்கிற?" என்றார். கேஸ் அடுப்பு ஓய்வு பெற்றது. சோறு, குழம்பு, முட்டை எல்லாம் கரண்டு அடுப்பில். சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்டுச் சுடுவெந்நீரில் குளித்துவிட்டு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து ஃபேனுக்குக் கீழே நின்றார். கைக்குட்டைக்கு இஸ்திரி போட்டார், பனியனுக்குப் போட்டார், ஒரு நாள் கால்மிதிக்கும் போட்டார். அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவர்களின் பவர் பேங்குகளை ஒரு பை நிறைய வாங்கி வந்து சார்ஜ் போட்டு மறுநாள் விநியோகம் செய்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒரு சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மக்கா, மேல மாவு மில்லு ஏதும் வச்சிருக்கியளா? ராவும் பகலும் உறுமுதே."

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் மறுநாள் ஏதோ வாங்கக் கீழே போனபோது, அக்கா இருட்டில் உட்கார்ந்து பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. அவள் தவற விடாத சீரியல் நேரம் அது.

"கரண்டு போயிட்டா அக்கா?"

"போகல்ல பிள்ளே. மேலயும் கீழயும் சேந்து கூடினா ரேட்டு ஏறிருமே. அதான் நான் கொறச்சுக்கிட்டேன். நீங்க அங்க நல்லா இரியுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேலே வந்து கால்மிதியைப் பார்த்தேன். மடிப்புக் கலையாமல் கிடந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

மழைக்காலம் வந்ததும் நானே பேச்சை எடுத்தேன். மீட்டருக்கு மாறிவிடலாம், அக்கா பாவம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தது அக்காவைப் பற்றி இல்லை. "செரிதான், மழையில ஃபேன் யாரு போடப் போறா? இனி ஃபிக்ஸு நமக்குத்தான் நஷ்டம்" என்று, என் இரக்கத்தைத் தன் சாமர்த்தியமாக மாற்றிக்கொண்டார். கார்த்திகை மாதத்தில் மாடிப்படிக்குக் கீழே சப் மீட்டர் வந்தது. அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. கரண்டு ஓட ஓட அது கண் சிமிட்டும்.

உடனே இரண்டாவது கட்சி ஆட்சிக்கு வந்தது. ஃபேன் நின்றது. ஹீட்டருக்கு ஒரு துண்டைப் போர்த்தி வைத்தார். ஃபிரிட்ஜைத் திறந்தால் "என்ன எடுக்கணும்னு மொதல்ல முடிவு பண்ணிட்டுத் திற" என்றார். பேப்பரை வராந்தாவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தார். நாளுக்கு நாலு தடவை படியிறங்கிப் போய் அந்தச் சிவப்பு விளக்கின் முன்னால் குனிந்து நிற்பார். பார்க்கிறவர்கள் ஏதோ ஜெபம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இவ்வளவு விவரமான மனுஷன் ஒன்றே ஒன்றை மறந்துவிட்டார். மீட்டர் வைத்த மறு வாரம் டிசம்பர்.

எங்கள் மாவட்டத்தில் டிசம்பர் பிறந்தால் கிறிஸ்தவ வீடுகளில் நட்சத்திரம் ஏறியாக வேண்டும். வீட்டிலேயே உயரமான இடத்தில், தெருவே பார்க்கிற மாதிரி. இந்த வீட்டில் உயரமான இடம் எங்கள் வராந்தா முகப்பு. அக்கா வீடு கட்டின நாளிலிருந்து நட்சத்திரம் அங்கேதான் தொங்குகிறது. அதன் பிளக் எங்கள் வராந்தாச் சுவரில், சுவிட்சு எங்கள் ஹாலுக்குள். மாதம் பிறந்த அன்று சாயங்காலம் அக்கா பெரிய சிவப்பு நட்சத்திரத்தோடு ஏறி வந்தாள். ஸ்டூல் போட்டு மாட்டினாள். ஹாலுக்குள் வந்து சுவிட்சைத் தட்டினாள். தெரு சிவந்தது. கீழே எங்கள் மீட்டரும் கண் சிமிட்டியது.

என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நாங்களும் அக்கா போகிற அதே சபைதான். ஞாயிறு தவறாமல் போகிறவர்கள். இயேசு பிறந்த நட்சத்திரத்தை அணையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்கா சாயா குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, இயேசு பாலனத் தேடி நட்சத்திரத்தப் பாத்துக் கெழக்கே இருந்து சாஸ்திரிகள் வந்தாங்கல்லா, அவங்க ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்பாங்கதானே? விடிய விடிய எரியணும்னு இல்லியே?"

அக்கா சாயாவை ஒரு மடக்குக் குடித்தாள்.

"அவிய இன்னும் பாதி வழிகூட வரல்ல தம்பி. ஒட்டகத்துல வரணும்லா. ஜனவரி ஆறாம் தேதிதான் வந்து சேருவாவ."

 இவர் சும்மா இருக்கவில்லை. மறுநாள் நாகர்கோவில் போய் ஒரு டைமர் சுவிட்சு வாங்கி வந்தார். பிளக்குக்கும் நட்சத்திர வயருக்கும் நடுவில் அதைச் செருகி, ராச்சாப்பாட்டு நேரத்தில் நட்சத்திரம் தானாக அணைகிற மாதிரி வைத்தார். "யாருக்குத் தெரியப் போவுது" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

அன்று அக்கா கோயிலில் கிறிஸ்மஸ் பாடல் பயிற்சிக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது தெரு முழுக்க நட்சத்திரங்கள் எரிந்தன. அவள் வீடு மட்டும் இருட்டு. கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். மேலே வந்து கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

காலையில் நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். தன் சமையலறையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து, கேட் பக்கத்துக் கொய்யா மரத்தில் கட்டினாள். அது இப்போதுதான் வளர்கிற மரம். நட்சத்திரம் ஆள் உயரத்தில் தொங்கியது. வானத்தில் இருக்க வேண்டியது நம் மூக்குக்கு நேராக வந்து நின்று முறைத்தது.

அதோடு அவள் மாடிக்கு வருவதும் நின்றது. வழியில் பார்த்தால், "சுகந்தானா?" என்பாள். ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் கேட்கிற சுகந்தானா அது. மூன்று பேருக்குப் போடுகிற சாயாவை இரண்டாகக் குறைக்கக் கை பழகவில்லை. ஒரு கிளாஸ் தினமும் மிஞ்சியது. அதை அவரே குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். குடித்தார்.

கேரல் குழு வந்த அன்றுதான் எனக்குப் பொறுமை போனது. மேளமும் பாட்டுமாகக் கேட்டுக்குள் நுழைந்தார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஆடிக்கொண்டே, முகமூடிக்குள் கண் தெரியாமல், நேராகப் போய் நட்சத்திரத்தில் தலையைக் கொடுத்தார். தாடி ஒரு முனையில் மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க, மரம் அசைய, நட்சத்திரத்தோடு ஒரு சுற்று ஆடினார். அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்து மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார். தாடியோடு முகமூடியும் கழன்று கையில் வந்தபோது உள்ளே இருந்தவர் எங்கள் பால்காரர் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு என்னைத் தேடுகிறவள் மாதிரி ஒரு தடவை மேலே பார்த்தாள். நான் நிற்பதைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டாள். 

உள்ளே வந்து அவரிடம் கேட்டேன். "நட்சத்திரம் நம்ம மீட்டர்ல எரிஞ்ச வாரம் எவ்வளவு ஓடிச்சு? கழற்றின பிறகு வாரத்துக்கு எவ்வளவு?"

அவருக்கு எல்லாம் மனப்பாடம். சொல்ல வாயைத் திறந்தவர், மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க."

"அரை யூனிட்டு இருக்கும். எல்இடி பல்புல்லா."

"ஒரு மாசத்துக்கு?"

"ரெண்டு யூனிட்டு."

"அந்த டைமர் என்ன வெல?"

 அவர் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டார், விளக்குப் போடாமல்.

நான் கீழே இறங்கினேன். கொய்யா மரத்திலிருந்து நட்சத்திரத்தை அவிழ்த்தேன். அதில் இன்னும் கொஞ்சம் தாடி ஒட்டியிருந்தது. படியேறும்போது வயர் பின்னால் இழுபட்டு வந்தது. பாதியில் கனம் குறைந்ததும் திரும்பிப் பார்த்தேன். அக்கா மறுமுனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"வேண்டாம் பிள்ளே. ஒங்க மீட்டரு ஓடும்."

"ஓடட்டும் அக்கா."

"தம்பி சங்கடப்படும்."

"படட்டும் அக்கா."

அக்கா சிரித்துவிட்டாள். பால்காரர் தாடியை நினைத்துச் சிரிக்காமல் வைத்திருந்ததும் அதோடு சேர்ந்து வந்தது. இரண்டு பேரும் நட்சத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். பிறகு அதை வராந்தா முகப்பில் மாட்டினோம். டைமரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன்.

"டெய்லி நானே வந்து சுவிச்சு போட்டுக்கிடுதேன், கேட்டியா. நீங்க மறந்திருவிய" என்றாள் அக்கா.

நாங்கள் மறக்கிற ஆட்கள் இல்லை என்று அவளுக்கும் தெரியும். சும்மா ஏறி வருகிற வழி இந்த மனத்தாங்கலில் அடைபட்டுப் போயிருந்தது. வருவதற்கு ஒரு காரியம் வேண்டும். அது அந்தச் சுவிட்சுதான் என்று எனக்குப் புரிந்தது.

இப்போது சித்திரை. சாஸ்திரிகள் வந்து சேருகிற ஜனவரி ஆறு போயிற்று, லெந்து நோன்பு நாட்கள் போயின, ஈஸ்டரும் போயிற்று. நட்சத்திரம் எங்கள் வராந்தாவில் இன்னும் எரிகிறது. வீடு சந்திக்க வந்த போதகர் அண்ணாந்து பார்த்து, "இதென்னம்மா, இன்னும் கழற்றல்லியா?" என்று கேட்டார். அக்கா அசரவில்லை.

"சாஸ்திரிமாரு திரும்பிப் போவாண்டாமா ஐயரே? அவியளுக்கும் வெளிச்சம் வேணும்லா."

போன வாரம் கரண்டு கட்டணம் மறுபடியும் கூடப்போகிறது என்று பேச்சு வந்தது. சுவிட்சு போட வந்த அக்கா, சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "தம்பி, இனி எப்பிடி? ஃபிக்ஸா, மீட்டரா?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெயில்காலம். ஃபேன் நாள் முழுக்க ஓடுகிறது. ஃபிக்ஸ் என்றால் கொள்ளை லாபம். அவர் கண்ணில் இஸ்திரிப்பெட்டி தெரிந்தது.

"மீட்டர்" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கணக்கு வராது என்ற இரக்கம் இருந்தது. எனக்குக் கணக்கு வரும். ஃபிக்ஸ் என்றால் நட்சத்திரம் அக்காவின் செலவில் எரியும். அவள் சிக்கனக்காரி, மறுநாளே கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். எங்கள் மீட்டரில் எரிகிறவரை, போதும் என்று சொல்ல வேண்டியவள் நான். நான் சொல்லப் போவதில்லை.