மக்கும் என்று சொன்ன பை

கடைத்தெருவில் அவளுக்குக் கவர் அக்கா என்றுதான் பேர். இருபத்திரண்டு வருஷமாக பிளாஸ்டிக் கவரும் கப்பும் விற்றவளுக்கு வேறு என்ன பேர் வரும்? வாய் மட்டும் இல்லையென்றால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். வீட்டுக்காரர் கடை மூலையில் உட்கார்ந்து கட்டுகளை அடுக்கித் தருவார். பேசுவதெல்லாம் அவள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் வியாபாரம் படுத்துவிட்டது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒரு கம்பெனி ஆள் வந்தார். சோளமாவில் செய்த பை, மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று சொல்லி ஒரு கட்டுப் பையை நீட்டினார். பார்க்கச் சாதாரணக் கவர் மாதிரியேதான் இருந்தது, விலைதான் இரண்டு மடங்கு. கவராவது மக்குவதாவது என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனால் எது விலைபோகும் என்று தெரியாதவளா அவள்? பச்சை இலை போட்ட ஸ்டிக்கர் அச்சடித்து ஒவ்வொரு கட்டிலும் ஒட்டினாள். இந்தப் பையில் வாங்கினால் பேரப்பிள்ளைகள் வாழ்த்துவார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கூசாமல் சொன்னாள். விலையைக் கேட்டு முகம் சுளித்தவர்கள்கூட, பக்கத்தில் நிற்பவர் பார்க்கிறாரே என்று இரண்டு கட்டாக வாங்கிப்போனார்கள். கடையின் பெரிய வாடிக்கையான பேக்கரிக்காரர் தன் போர்டிலேயே அந்த இலையை வரைந்துவிட்டார்.

போன வருஷம் கம்பெனியில் சலுகை விலை போட்டார்கள். அவள் அறுபது பெட்டி வாங்கி, முன்னே இருந்த சரக்கு தீரட்டும் என்று பிரிக்காமல் பின்னறையில் அடுக்கினாள். வருஷத்துக்குள் விற்றுவிடுங்கள், சூடும் ஈரமும் படக்கூடாது என்று அந்த ஆள் படித்துப் படித்துச் சொன்னார். சரக்கைத் தள்ளிவிட எல்லாரும் சொல்வதுதானே என்று இவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கடை. பகல் முழுக்க நீராவி, சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதே அறையில் பத்து வருஷம் கிடந்த பிளாஸ்டிக் கவர் ஒன்றுகூடக் கெட்டதில்லை. அந்தத் தைரியம் அவளுக்கு.

பேக்கரிக்காரர் இரண்டாவது கடை திறக்கப்போவதாகச் சொல்லி நாற்பது பெட்டி கேட்டார். எடுத்துக்கொண்டு போக அவர் வருவதாகச் சொன்ன அன்று காலை, அவள் முதல் பெட்டியைப் பிரித்து ஒரு பையை உருவினாள். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அடுத்ததை எடுத்தாள், அது காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. இரண்டாவது பெட்டி, ஐந்தாவது பெட்டி, சுவரோரம் இருந்தது, வாசலோரம் இருந்தது, எல்லாம் ஒரே கதைதான். எலி என்றாள், சலவைக்கடைக்காரன் என்றாள், கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றாள். வீட்டுக்காரர் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சொன்ன மாதிரியே மக்கிடுச்சு. இதுல என்ன ஏமாத்து?"

"மக்கும்னா நிஜமாவே மக்குமா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ நம்பலையா? நீ சொல்றதைக் கேட்டுத்தானே நான் நம்பினேன்."

சரக்கு போனது பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஒரு வார்த்தையில்தான் அவள் ஆடிப்போனாள். ஊரையே ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள், ஊரில் இவரும் ஒருவர் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பத்து மணிக்குப் பேக்கரிக்காரர் வந்தார். மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. ஒரு பெட்டியை மேஜையில் கொட்டிக் காட்டினாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ அவளைவிட அதிகமாக அதிர்ந்துபோய் நின்றார்.

"அட, நிஜமாவே மக்குமா இது? நானும் விக்கிறதுக்குச் சொல்ற கதைன்னுதான்க்கா நெனச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பலகாரத்தோட பை நடுத்தெருவுல கிழிஞ்சா என் மானம் போயிடும். எனக்கு இது வேண்டாம். பழைய பிளாஸ்டிக் கவரே குடுங்க. இலையை மட்டும் ஒட்டிக் குடுத்துடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

பரணில் பழைய கவர் இருந்தது. ஸ்டிக்கரும் இருந்தது. நேற்றாக இருந்தால் இதை அவர் சொல்லவே வேண்டியிருக்காது, அவளே சொல்லியிருப்பாள். மூலையில் வீட்டுக்காரர் தலை நிமிராமல் நொறுங்கியதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"கவர் வேணும்னா எடுத்துட்டுப் போங்க. இலை ஒட்டித் தர மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே இருந்த இன்னொரு கவர் கடைக்குள் நேராகப் போனார். பாதி வியாபாரம் தெருவைத் தாண்டிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

வீட்டுக்காரர் அள்ளியதைக் குப்பைக்கூடையில் கொட்டினார். இருபத்திரண்டு வருஷமாக இந்த வாய் என்னென்னவோ சொல்லியிருக்கிறது. அதில் எதையெல்லாம் அந்த மனுஷன் நம்பியிருப்பார் என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.