நாற்பத்தைந்து வயதில் கீபோர்டு

தலையில் ஒரு நரைமுடி தெரிந்ததும் "இன்னுமா இந்த வேலையையே பார்க்கறீங்க?" என்று ஊரே விசாரிக்கும் தொழில் எனக்குத் தெரிந்து இரண்டுதான்: ஒன்று கதாநாயகி வேலை, மற்றொன்று புரோகிராமர் வேலை. முதலாவதில் எனக்கு அனுபவம் இல்லை. இரண்டாவதில் ஆறு மாதம் இருக்கிறது. சேலத்தில் எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர் படிக்கும் நான், ப்ராஜெக்டுக்காக நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். கோழிப்பண்ணைகளுக்குப் புரோகிராம் எழுதித் தரும் கம்பெனி. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட என் சக பாவிகளே, உங்களில் முப்பதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் கெட்டியாக உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பஸ்ஸில் நடந்த விசாரணை

எங்கள் மூத்த புரோகிராமர் மல்லிகா அக்கா. வயது நாற்பத்தைந்து. நான் தினமும் போகும் பஸ்ஸில் ராசிபுரத்தில் ஏறுவார். சேலத்திலிருந்தே அவருக்கு ஜன்னலோர சீட் போட்டு வைப்பது என் பொறுப்பு. ஒருநாள் அவர் தெருக்காரம்மா ஒருவரும் கூடவே ஏறி, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். "ஏம் மல்லிகா, நீ இன்னும் கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுட்டுத்தான் இருக்கறியா? எங்க நாத்தனார் பையன் பெங்களூர்ல முப்பத்திரண்டு வயசுலயே மேனேஜர். அவனுக்குக் கீழ இருவது பேரு!"

அக்கா சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாகப் பல் பிடுங்கும் டாக்டரிடம் போய் 'இன்னுமா பல் பிடுங்கறீங்க, எப்ப மேனேஜர் ஆவீங்க?' என்று கேட்பீர்களா? அனுபவப்பட்ட டாக்டராகத் தேடித்தானே போகிறீர்கள்? புதுச்சத்திரம் வரும்வரை நான் விடவில்லை. அந்தம்மா அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார். "ஏன் அம்மிணி, இத்தன பேச்சுப் பேசறியே, உனக்கு ஊட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்களா இல்லையா?"

பதவி உயர்வு

முதலாளி சுந்தரம் சார் நல்லவர். சிக்கலே அதுதான். ஒரு திங்கட்கிழமை எல்லோருக்கும் பப்ஸ் வாங்கி வைத்துவிட்டு அறிவித்தார்: வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து மல்லிகாதான் மேனேஜர். தனியாகக் கண்ணாடி ரூம், சுழல் நாற்காலி, கதவில் பெயர். பண்ணைக்காரர்களைப் பார்த்துப் பேசுவது மட்டும்தான் வேலை. புரோகிராம் எழுதுவதை, புதிதாக வரும் இரண்டு பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். "நாப்பத்தஞ்சு வயசுல கீபோர்டு தட்டிட்டு உக்கார வெச்சா, பாக்கறவங்க என்னையத்தான் பேசுவாங்க" என்றார்.

நாங்கள் கை தட்டினோம். அக்கா பப்ஸைத் தொடவில்லை. பன்னிரண்டு வருஷமாக வரி வரியாக எழுதி வளர்த்த புரோகிராம் அது. அதைவிட்டு எழுந்து போக வேண்டும். மாட்டேன் என்றால் வேறு கம்பெனி பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுப் புரோகிராமரை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து எழுந்து நின்றார். "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனுங்களா சார்?"

பத்துக் காரணங்கள்

மறுநாள், அக்கா புரோகிராமே எழுதட்டும் என்பதற்கு ஒரு தாளில் பத்துக் காரணங்கள் எழுதிக்கொண்டு சுந்தரம் சார் முன்னால் போய் நின்றேன். மூன்றாவதிலேயே அவர் குறுக்கே வந்தார். "உங்கப்பா வயசுல யாராச்சும் புரோகிராம் எழுதி நீ பாத்திருக்கியா?"

"எங்கப்பா பஸ் கண்டக்டருங்க சார். அம்பத்தாறு வயசாச்சு, இன்னும் டிக்கெட்தான் கிழிக்கறாரு. வயசாச்சு, டிப்போ மேனேஜரா உக்காருங்கன்னு இதுவரைக்கும் யாரும் அவரத் தொந்தரவு பண்ணலைங்க சார்" என்றேன். சார் சிரித்துவிட்டார். சிரித்தால் இளகிவிட்டார் என்று எண்ணி, மீதி ஏழையும் வாசித்தேன். டீ வரவழைத்து என் பக்கம் தள்ளினார். "அம்மிணி, நீ ப்ராஜெக்ட் பண்ண வந்தியா, சங்கம் ஆரம்பிக்க வந்தியா?"

கறிக்கடைக்குப் போன கொட்டகை

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நியாயம் பேசுகிறவள் விடக்கூடாது. அக்காவின் பழைய புரோகிராமைச் சுத்தம் செய்யும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. முட்டைக்கோழியின் வயதை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். எழுபத்திரண்டு வாரத்துக்கு மேல் முட்டை குறையும், கறிக்கு விற்றுவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அக்காவோ, எழுபத்திரண்டைத் தாண்டிய கோழிகளையும் பட்டியலில் உயிரோடு வைத்திருக்க நாற்பது வரி எழுதி வைத்திருந்தார். பழைய குப்பை என்று முடிவு கட்டி அழித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயதுக்காகப் பத்துக் காரணம் எழுதிய அதே கைதான்.

சில பண்ணைகளில் அந்த வயதுக் கோழிகளை விற்பதில்லை. தீவனத்தைக் குறைத்து, பழைய இறகு உதிரவிட்டு, மறுபடி தேற்றி இன்னொரு சுற்று முட்டைக்குக் கொண்டுவருவார்கள். அதற்காக எழுதிய நாற்பது வரி அது. மறுநாள் காலை ஒரு பண்ணையின் கம்ப்யூட்டரில் ஒரு கொட்டகை முழுவதும் 'விற்பனையானது' என்று நின்றது. அக்கா கால் மணி நேரத்தில் சரிசெய்துவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு வாதாடியிருப்பேன். அதற்குள் பண்ணைக்காரர் போனில் வந்துவிட்டார். "ஏனுங்க, நான் கொட்டாய்லதான் நிக்கறேன், அத்தனையும் முட்டை வெச்சுட்டு என்னையப் பாக்குதுங்க. உங்க கம்ப்யூட்டர் இதுகள எதுக்குங்க நேத்தே கறிக்கடைக்கு அனுப்பிச்சுது?"

மேனேஜர் ஒத்திகை

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் முன்னால், பழக்கப்படட்டும் என்று அக்காவைச் சேந்தமங்கலம் பக்கம், எங்கள் புரோகிராமை இன்னும் வாங்காத ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனார் சார். பை தூக்க நான். பண்ணைக்காரர் சட்டைப் பையில் முட்டைக் கணக்கு எழுதும் ஒரு நோட்டு வைத்திருந்தார். கட்டிலில் உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கேள்வியை ஆரம்பித்தார். கோழிக்கு நோவு வரப்போகுதுன்னு உங்க மிஷினு சொல்லுமுங்களா? "சொல்லாதுங்க" என்றார் அக்கா. அடுத்த வாரமே போட்டுத் தந்துருவீங்களா? "மூணு மாசம் ஆகுமுங்க." கரண்டு போனா ஓடுமுங்களா? "கொஞ்ச நேரந்தானுங்க ஓடும்." எல்லாமே சத்தியம். சுந்தரம் சார் இளநீர்க் குழாயைக் கடித்துக்கொண்டு கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினார். அக்கா பார்க்கவே இல்லை.

"அப்பறம் எதுக்குங்க இது? எனக்கு இந்த நோட்டே போதும்" என்றார் பண்ணைக்காரர். பை தூக்க வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். நோட்டு மழையில் நனைந்தால்? நீங்கள் வெளியூர் போனால் உங்கள் கையெழுத்தை யார் படிப்பார்கள்? போன வருஷம் இதே நாளில் எத்தனை முட்டை, சொல்லுங்கள் பார்க்கலாம்! அவரும் லேசுப்பட்டவர் இல்லை, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பதிலுக்குப் பதில் பேசினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் நோட்டை மூடிவிட்டுச் சாரைப் பார்த்துக் கும்பிட்டார். "அந்தம்மா பேச்சுல பொய்யே இல்லீங்க, இந்தப் புள்ள பேச்சுக்கு முடிவே இல்லீங்க. போட்டுத் தொலைங்க!"

ஒன்றாம் தேதி

கண்ணாடி ரூமுக்குச் சந்தனப் பொட்டெல்லாம் வைத்திருந்தார்கள். மல்லிகா அக்கா வந்தார், செருப்பைக் கழற்றினார், நேராகத் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டார். சுந்தரம் சார் வந்து பக்கத்தில் நின்றார். "மல்லிகா, ரூம் அங்க இருக்குது."

"சார், உங்களுக்கு வேண்டியது ஒரு மேனேஜருங்களா, இல்ல, வயசானவங்கள உக்கார வெக்க ஒரு ரூமுங்களா?" என்றார் அக்கா. அவர் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. இந்தப் பதிலோடு அவர் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். "மேனேஜர்தான்" என்று முனகினார் சார். அக்கா என்னைக் கை காட்டினார். "அப்படின்னா இதைய உக்கார வெய்யுங்க. இது எழுதுனா நான் திருத்தோணும். பேசுனா ஒருத்தராலயும் திருத்த முடியாது."

சார் என்னைப் பார்த்தார். நான் பதறிப்போய் எனக்கு வயது இருபத்து மூன்றுதான், படிப்பு முடியவில்லை, நான் எழுத வந்தவள், பேச வந்தவள் இல்லை என்று விரல்விட்டு எண்ணி அடுக்க ஆரம்பித்தேன். ஏழாவது காரணத்தில் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரப்போகும் பையன்களுக்கு அக்கா பக்கத்திலேயே மேஜை போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வேண்டாம்ங்கறதுக்கே இத்தன பேச்சு! பரிட்சை முடிஞ்சதும் வந்து சேந்துக்க சாமி."

ஆக, நாற்பத்தைந்து வயதிலும் ஒருவர் புரோகிராம் எழுதலாம் என்று ஊரெல்லாம் வாதாடி ஜெயித்ததில், இருபத்து மூன்று வயதிலேயே புரோகிராம் எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான்.