அங்கிளின் பெயரில் ஒரு போன்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் குசினிச் சுவரில் ஷிப்ட் விபரம் ஒட்டியிருக்கும். ஒருநாள் அதைக் கிழித்தெறிந்துவிட்டு, இனி எல்லாம் ஆப்பில்தான் வரும் என்றார்கள். முந்திப் பார்த்து அமத்துகிறவருக்கே ஷிப்ட். என் பழைய போனில் அந்த ஆப் இறங்கவே மாட்டேன் என்றது. கஞ்சி கிண்டுவதற்கும் கோப்பை கழுவுவதற்கும் புதுப் போன் வேண்டும் என்கிற காலம் வந்துவிட்டது.

கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது இதை வாய்தவறிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அங்கிளுக்குக் கண் மின்னியது. அவர் எனக்குச் சொந்தமில்லை. படித்து, முறையாக விசா எடுத்து, விமானத்தில் வந்து இறங்கியவர். மன்னாரிலிருந்து படகில் வந்த என்னைப் போன்றவர்களுக்கு உதவுவது அவருடைய பொழுதுபோக்கு. யாருக்காவது என்னை அறிமுகப்படுத்தினால் "இவ போட்டில வந்த பிள்ளை" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். கேட்பவர்கள் எனக்கு ஏதோ தொற்றுநோய் என்பதுபோலத் தலையாட்டுவார்கள்.

"போன் வாங்கிறது லேசில்லை பிள்ளை. உமக்கு இதுகள் விளங்காது. நானும் வாறன்" என்றார்.

பிளாக்டவுன் கடைத்தொகுதியில், வெள்ளை வெளிச்சத்தில் நகைக்கடை போல மின்னிய ஒரு போன் கடைக்குப் போனோம். விற்பனையில் நின்றவர் சென்னைக்காரர். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். ஒரு போனை எடுத்துத் திருப்பி, அதன் முதுகில் இருந்த மூன்று கமராக்களையும் காட்டினார்.

"இருட்டுலகூட சூப்பரா எடுக்கும் அக்கா. நிலாவையே எடுக்கலாம்."

"எனக்கு ஷிப்ட் பாக்கவேணும்" என்றேன்.

அங்கிளுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. நல்லதாகக் காட்டும்படி ஆங்கிலத்தில் சொன்னார். அவர் வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவர். அதில் அவர் செய்யும் ஒரே வேலை, விடியற்காலையில் எல்லோருக்கும் ரோசாப்பூப் படம் அனுப்புவது.

நல்ல போனை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்க என்னால் முடியாது. மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தால் மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம் என்றார் விற்பனையாளர். நான் தலையாட்டினேன். அவர் கணினியில் தட்டினார், என் அடையாள அட்டையைப் பார்த்தார், மறுபடி தட்டினார். பிறகு முகம் மாறியது.

"அக்கா, உங்க விசா எப்போ முடியுது?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கிறது."

"அப்போ சிஸ்டம் ஒத்துக்காது அக்கா. விசா காலம் ஒப்பந்தத்தைவிட அதிகமா இருக்கணும்."

என் தலைமயிர் இந்த நாட்டில்தான் நரைக்கத் தொடங்கியது. இந்த நாட்டுக் கிழவர்களுக்குச் சோற்றைக் குழைத்து ஊட்ட என்னை நம்புகிறார்கள். அவர்களுடைய பல்செட்டைக் கழுவ நம்புகிறார்கள். ஒரு போனைக் கொண்டு ஓடிவிடுவேன் என்று மட்டும் பயம். ஓடுவதென்றால் எங்கே ஓடுவேன்? அதையாவது அந்த சிஸ்டம் சொல்லியிருக்கலாம்.

அங்கிள் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னே வந்தார். "என்ர பேரில போடுங்கோ. பிள்ளை மாசாமாசம் எனக்குத் தரும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடுத்த கிழமை ஷிப்டெல்லாம் பறிபோகும் என்ற நினைப்பு அதை அடைத்தது. அங்கிள் கையெழுத்து வைத்தார். அங்கேயே நின்று, "நான் செட் பண்ணித் தாறன்" என்று எதையெதையோ அமத்தித் தந்தார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "அங்கிள் உமக்குப் போன் வாங்கித் தந்தவராமே!" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். மாதாமாதம் நான்தான் கட்டுகிறேன் என்பதைச் சொல்ல அவர் மறந்துவிட்டாராம். அவருடைய மனைவி அன்ரி, என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னட்டயும் இப்பிடி ஒண்டு இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாட்களில் நான் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்ததும் நீச்சல் பழகப் போவேன். கடற்கரையில் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் கடலைப் பார்க்கலாம், இறங்கக்கூடாது. படகில் வந்த நாட்கள் முழுக்க, கவிழ்ந்தால் மூழ்கிவிடுவேன் என்ற பயம்தான். இங்கே ஒரு மூடிய நீச்சல்தடாகத்தில், என் வயதுப் பெண்கள் சிலரோடு, பலகையைப் பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகினேன். தலையைத் தண்ணீருக்குள் விட முடிந்த அன்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். உடை மாற்றும் அறையில் போன் அடித்தது.

"பிள்ளை, நீர் ஏன் ஒவ்வொரு செவ்வாயும் சுவிமிங் பூலில நிக்கிறீர்?" என்றார் அங்கிள்.

நனைந்த தலையோடு அப்படியே நின்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அங்கிள்?"

"மேப்பில காட்டுது. எல்லாம் உம்மட பாதுகாப்புக்குத்தான். தனிய இருக்கிற பொம்பிளைப்பிள்ளை. ஆக்கள் பலதும் கதைப்பினம்."

துவாயை எடுத்து மார்பை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்று தெரியும். ஆனாலும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். அதே சென்னைக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். "அவரோட ஃபேமிலி குரூப்ல உங்களைச் சேர்த்து வச்சிருக்கார் அக்கா. நீங்க எங்க போனாலும் அவருக்குத் தெரியும்." அதை நிறுத்துவது எப்படி என்றும் காட்டித் தந்தார். இரண்டு இடத்தில் அமத்தினால் போதும். நிறுத்திவிட்டு அந்தப் போனையே வைத்திருந்திருக்கலாம். ஆனால் அதைத் தொடும்போதெல்லாம் அவருடைய விரல் அதன்மேல் இருப்பதுபோலத் தோன்றியது.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். விருந்தாளிகள் நிறையப் பேர் இருந்தார்கள். அங்கிள் நடுக்கதிரையில் இருந்து, வந்தேறு குடிகளின் பொறுப்புணர்வு பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். போனைப் பெட்டியோடு அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன பிள்ளை இது?"

"உங்கட போன் அங்கிள். எனக்கு வேண்டாம்."

"ஒப்பந்தம் மூண்டு வருசம் எல்லே? இடையில விட ஏலாது!"

"ஓம். அது உங்கட பேரிலதானே இருக்கு. என்னைத்தான் அந்தச் சிஸ்டம் நம்பேல்லையே."

"நான் உம்மட நன்மைக்குச் செய்தனான்" என்றார், கூட்டத்தைப் பார்த்து.

"என்ர நன்மை நான் எங்க நிக்கிறன் எண்டதில இல்லை அங்கிள். போட்டு வாறன்."

வாசலில் குவிந்து கிடந்தவற்றுக்குள் என் செருப்பைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பிளாக்டவுன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பழைய போன் திருத்தி விற்கும் ஒரு சிறிய கடையில் ஒன்றை வாங்கினேன். மூலையில் ஒரு கீறல். நிலாவை எடுக்காது. ஆப் இறங்கியது. அந்தக் கடைக்காரர் என் விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. உறை வேண்டுமா என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமைகளில் நீந்தப் போவதை நான் நிறுத்தவில்லை.

கோயிலில் அங்கிள் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நிம்மதி. நன்றிகெட்டவள் என்று சொல்லித் திரிந்தாராம், சொல்லட்டும். சில வாரம் கழித்து, பூசை முடிந்து கார்கள் நிற்கும் பக்கமாக நடந்தபோது அன்ரி பின்னால் விரைந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து நின்றேன். அவர் கைப்பையைத் திறந்து, நான் திருப்பிக் கொடுத்த அதே போனை வெளியே எடுத்தார். அங்கிள் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பிள்ளை, இப்ப இதை என்னட்டத் தந்திருக்கிறார். இந்த மேப் காட்டிறதை எப்பிடி நிப்பாட்டிறது?"

ஒரு காருக்குப் பின்னால் இருவரும் ஒதுங்கி நின்றோம். முதலில் எங்கே அமத்துவது, பிறகு எங்கே அமத்துவது என்று காட்டினேன். மறந்துபோகாமலிருக்க, அன்ரி தன் விரலாலேயே மறுபடி ஒருமுறை செய்து பார்த்தார்.